பார்லோ பள்ளத்துப் பெட்டைக் குரல்

ஞாயிற்றுக்கிழமை மாலை டெல்ஃபா தன் பழைய பிக்கப் வண்டியைக் குடிலின் முன்னால் நிறுத்தியபோது, மேற்கு மேட்டில் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. போன ஏப்ரலுக்குப் பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. சாவி முரண்டு பிடித்து, பிறகு மனமில்லாமல் திரும்பியது. உள்ளே எலிப்புழுக்கை, அணைந்த அடுப்புச் சாம்பல், ஈரக் கம்பளி வாடை. எல்லாவற்றுக்கும் அடியில் கணவன் ஹாலிஸின் குழாய்ப் புகையிலை வாடை மெலிதாக இருந்தது. அதை முகர்ந்ததும் அவள் மளிகைப் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வான்கோழி வேட்டை திறக்கிறது. மிசௌரியின் இந்த மலைக்காட்டில் வசந்த வேட்டை திறக்கும் திங்கள்கிழமை என்றால் பாதிப் பேர் வேலைக்குப் போகமாட்டார்கள். போகிற பாதிப் பேரும் மனசை மேட்டில் விட்டுவிட்டு உடம்பை மட்டும் அனுப்பிவைப்பார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து டெல்ஃபாவும் ஹாலிஸும் திறப்பு நாளைத் தவறவிட்டதே இல்லை, போன வருஷம் தவிர. போன வருஷம் அவள் கடைசிப் பனியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டு ஊரில் கிடந்தாள். ஹாலிஸ் தனியாக வந்தான். காட்டில் நெஞ்சு நின்றுவிட்டது என்று வந்து சொன்னார்கள்.

அவர்களுக்குள் வேலை பிரிந்திருந்தது. ஹாலிஸ் கூவுவான், டெல்ஃபா சுடுவாள். காட்டின் வழக்கப்படி வான்கோழிச் சேவல் கத்தும், பெட்டை அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரன் அதைத் தலைகீழாக்குகிறான். மரத்தில் முதுகைச் சாய்த்து, கல் மாதிரி உட்கார்ந்து, பெட்டையின் குரலைக் கொடுத்து, சேவலைத் தன்னிடம் நடக்கவைக்கிறான். ஹாலிஸிடம் அதற்கொரு தேவதாரு மரப்பெட்டி இருந்தது. உள்ளங்கை நீளம், மேலே ஆடும் மூடி, மூடியில் சுண்ணாம்புப் பொடி. மூடியை விளிம்பில் இழுத்தால் பெட்டை கூப்பிடும். ஒரு குளிர்காலத்தில் அதில் கீறல் விழுந்தது. அதிலிருந்து மூன்றாவது கூவல் மட்டும் விக்கல் எடுத்ததுபோல் தடுக்கும். புதுசு வாங்கு என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். சேவல்களுக்கு அந்த விக்கல்தான் பிடிக்கிறது என்றான் ஹாலிஸ்.

இப்போது அந்தப் பெட்டி டெல்ஃபாவின் சட்டைப் பையில் இருந்தது. மூடி தானாக ஆடிச் சத்தம் போடாமலிருக்க அவன் மாட்டிய ரப்பர் வளையம்கூட அப்படியே இருந்தது.

இருட்டுவதற்குள் கிளீட் வந்தான். ஹாலிஸின் தம்பி, ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு. துணியில் சுற்றிய பிஸ்கட் ரொட்டிகளையும் ஒரு சட்டி மாமிசக் குழம்பையும் மேஜையில் வைத்தான்.

"கால் எப்படியிருக்கு அண்ணி?"

"நடக்குது. ஓடத்தான் முடியல."

"யாரு தொரத்தப்போறா உங்கள." சொல்லிவிட்டு அவள் பையில் துருத்திய பெட்டியைப் பார்த்தான். "அத நீங்களா தேய்க்கப்போறீங்க? துருப்பிடிச்ச கேட்ட தொறக்கிற மாதிரி இருக்குமே. மேட்டுல இருக்கிற ஒண்ணு ரெண்டு சேவலும் ஊரக் காலி பண்ணிரும்."

"உங்கண்ணன் சிரிச்சது பத்தாதுன்னு நீ வேற கெளம்பிட்டியா?"

இருவரும் வாசலில் நின்றார்கள். கிளீட் கைகளைக் குவித்து ஆந்தைபோல் கத்தினான். சேவல் எந்த மரத்தில் அடைகிறது என்று தெரிந்துகொள்ள எல்லோரும் செய்வதுதான். மேட்டிலிருந்து ஒன்று கடகடவென்று பதில் கொடுத்தது. அவன் திரும்பி, கீழே பார்லோ பள்ளத்தைப் பார்த்தும் கத்தினான்.

அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

"போன வருஷத்திலிருந்து அங்க ஒண்ணும் அடையறதில்ல," என்றான். பிறகு காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான். "அண்ணி, நாளைக்கு மேட்டுலயே இருங்க. பள்ளத்துப் பக்கம் வேண்டாம்."

"எங்க ஓக் மரம் பள்ளத்தப் பாத்துதான நிக்குது. அதவிட்டு எங்க போய் உக்காருவேன்?"

"அண்ணன் மரத்தடியில இல்ல."

அவளுக்குப் புரியவில்லை.

"மரத்தடியில உக்காந்தபடியே போய்ட்டார்னு உங்ககிட்ட சொன்னேன்ல. அப்படியில்ல. துப்பாக்கிதான் மரத்துல சாஞ்சிருந்துச்சு. இந்தப் பெட்டியும் தொப்பியும் வேர்மேல இருந்துச்சு. அவரு கீழ பள்ளத்துல கெடந்தாரு, குப்புற. யாரோ கூப்பிட்டு எந்திரிச்சுப் போன மாதிரி." கிளீட்டின் குரல் இறங்கியது. "நீங்க கால ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தீங்க. அப்ப சொல்ல மனசு வரல."

டெல்ஃபா பையிலிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். காட்டில் கேட்கிற பெட்டைக் குரலை நோக்கி எவனாவது நடந்தால் ஹாலிஸ் அவனை நாள் முழுக்கத் திட்டுவான். அந்தக் குரல் இன்னொரு வேட்டைக்காரனாக இருக்கும், அவனுக்கு நீ சேவலாகத் தெரிவாய், சுட்டுவிடுவான் என்பான். அப்படிப்பட்டவன் துப்பாக்கியைச் சாத்திவைத்துவிட்டு வெறுங்கையோடு போயிருக்கிறான்.

விடியுமுன் அவள் மரத்தை அடைந்தாள். முதுகுக்குப் பழகிய மரம். இடப்பக்கம் ஹாலிஸ் உட்காரும் வேர், வலப்பக்கம் அவளுடைய வேர். பழக்கத்தில் தன் வேரிலேயே உட்கார்ந்தாள். இடப்பக்கம் காலியாகக் கிடந்தது, அந்தப் பக்கத் தோள் மட்டும் குளிர்ந்தது. இதற்காகத்தான் வந்தோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஊரிலிருக்கும் வீட்டில் ஒரு வருஷமாக ரேடியோவோடு பேசி அலுத்துப்போய்தான் இங்கே வந்திருந்தாள்.

இருட்டு மெல்ல வெளுத்தது. பள்ளத்தின் விளிம்பில் காட்டுப் பூமரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மேட்டில் சேவல் கத்தியது.

அவள் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பெட்டியை இழுத்தாள். கிளீட் பொய் சொல்லவில்லை, துருப்பிடித்த கேட்டேதான். சேவல் வாயை மூடிக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. வளையத்தை மாட்டிப் பெட்டியைப் பையில் போட்டுப் பொத்தானையும் போட்டாள்.

அப்போதுதான் கீழே பள்ளத்திலிருந்து கூப்பிட்டது.

ஒன்று. இரண்டு. மூன்றாவது விக்கியது.

அவள் கை தானாகப் பைக்குப் போனது. பெட்டி அங்கேதான் இருந்தது. வளையமும் இருந்தது.

மறுபடி கூப்பிட்டது. மெதுவாக, அவசரமில்லாமல், கொஞ்சம் கெஞ்சலாக. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். அந்த அளவுக்கு மூடியை மெதுவாக இழுக்கிறவன் இந்த மலையில் ஒருவன்தான் இருந்தான்.

மேட்டுச் சேவல் பதில் சொல்லவில்லை.

காட்டில் வேறு பறவைச் சத்தமும் நின்றுபோயிருந்தது. இவ்வளவு நல்ல குரலுக்கு ஒரு சேவல்கூட வாய் திறக்காததை அவள் இதற்குமுன் கண்டதில்லை. அந்தக் குரல் சேவலைக் கூப்பிடவில்லை என்று அவளுக்கு உறைத்தது.

பிறகு அது நின்றுவிட்டது.

இது ஹாலிஸின் வழக்கம். ஆசை காட்டிக் கூப்பிடுவான், பிறகு சட்டென்று நிறுத்திவிடுவான். கூப்பிடுவதைவிடச் சும்மா இருப்பதுதான் வயசான சேவலை அசைக்கும் என்பான். போய்விட்டாளோ என்று அதற்குப் பதறும், ஓரடி எடுத்து வைக்கும். அதற்கும் வராவிட்டால் பெட்டை இரை கிளறுவதுபோல் கையால் சருகைக் கிளறுவான்.

கீழே சருகு கிளறியது.

சரக், சரக். ஒரு இடைவெளி. சரக்.

ஒரு தடவை அவள் அவனிடம் கேட்டிருக்கிறாள். "இத்தன வருஷம் உசுரோட இருக்கிற கெழட்டுச் சேவலுக்கு இது பொய்னு தெரியாதா?" ஹாலிஸ் குழாயில் புகையிலையை அடைத்துக்கொண்டே சொன்னான்: "தெரியும். ஆனாலும் வரும். தனியா இருக்குதுல்ல."

சருகுச் சத்தம் இப்போது பக்கத்தில் கேட்டது. அவள் குனிந்து பார்த்தாள். அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. மரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, பள்ளத்தின் சரிவில் ஒரு காலை இறக்கியிருந்தாள். கைகள் வெறுமையாக இருந்தன.

துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது.

பள்ளத்துக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நகர்ந்து துப்பாக்கியை எடுத்தாள். குடில் வரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. பதில் கொடுக்கிற சேவலுக்குத்தான் சாவு, குரல் கொடுத்தால் நிற்கிற இடம் தெரிந்துவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மதியம் வேட்டை நேரம் முடிந்ததும் கிளீட் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கேலி செய்ய எடுத்த வார்த்தையை விழுங்கிக்கொண்டான்.

"பள்ளத்துல நீதான் கூப்பிட்டியா?" என்றாள்.

"நான் ஓடைக்கு அந்தப் பக்கம்ல இருந்தேன்."

"மூணாவது விக்குச்சு கிளீட்."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "சாமான எடுத்து வைங்க. நான் வண்டிய ஓட்டிட்டு வரேன், ஊருக்குப் போயிருவோம்."

"நாளைக்குப் போறேன்."

"அண்ணி, அது அண்ணன் இல்ல."

"அவன்னு நான் சொன்னேனா?"

"சொல்லல. உங்க மூஞ்சி சொல்லுது." வாசல்வரை போய்த் திரும்பினான். "அண்ணனும் அங்க யாரு குரலையோ கேட்டுத்தான் எறங்கியிருக்காரு. அன்னிக்கு அவரு பக்கத்துல இல்லாம போனது நீங்க ஒருத்திதான்."

கிளீட் தானும் அங்கேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னான், அவள் வேண்டாமென்று விரட்டினாள். பயம் இருந்தது, இல்லையென்று யார் சொன்னது. ஆனால் ஊருக்குப் போய்விட்டால் அந்தக் குரல் இனிமேல் கேட்காதே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு வருஷத்தில் அவளைத் தேடிக் கூப்பிட்ட ஒரே குரல் அதுதான்.

பொழுது சாயுமுன் வாசலிலும் படிகளிலும் கிடந்த சருகையெல்லாம் சுத்தமாகப் பெருக்கித் தள்ளினாள். கதவைத் தாழிட்டாள். மரப்பெட்டியை ரொட்டி டப்பாவில் போட்டு மூடினாள். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது ஜன்னல் சாம்பல் நிறத்தில் இருந்தது. எதற்கு விழித்தோம் என்று யோசிக்கும்போதே ஹாலிஸின் இன்னொரு வழக்கம் ஞாபகம் வந்தது. பாதிவழி வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகும் சேவலை அவன் விடமாட்டான். மறுநாள் பழைய இடத்தில் உட்காரமாட்டான். அது அடைகிற மரத்துக்கு இன்னும் பக்கத்தில் போய் உட்காருவான்.

வாசலுக்கு வெளியே கூப்பிட்டது.

ஒன்று. இரண்டு. மூன்றாவது விக்கியது.

பிறகு ஒன்றுமில்லை. அடுப்பில் ஒரு கங்கு மட்டும் நொறுங்கியது.

சரக், சரக். படிக்கட்டில், அவள் பெருக்கித் தள்ளிய இடத்தில், சருகு கிளறும் சத்தம்.

டெல்ஃபா ரொட்டி டப்பாவைத் திறந்து பெட்டியை எடுத்தாள். ஒரே ஒரு தடவை மூடியை இழுத்தாள். துருப்பிடித்த கேட்டுச் சத்தம் அறை முழுக்கக் கீறிக்கொண்டு போனது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

சத்தமில்லாமல், மூக்கால், அவள் அந்தப் பெட்டியைத் தேய்க்கும்போதெல்லாம் ஹாலிஸ் சிரிக்கும் சிரிப்பு. கூடவே புகையிலை வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

"ஹாலிஸ்," என்றாள் டெல்ஃபா. "நீதானா?"

கைதேர்ந்தவனுக்கு எந்தக் குரலும் வரும். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. பெட்டையின் குரலைக் கேட்டு வந்து நின்ற எத்தனையோ சேவல்களை அவள் துப்பாக்கிக் குழலின் இந்த முனையிலிருந்து பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றும் கடைசி நிமிஷத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும், தெரிந்தும் வந்ததுபோல.

எழுந்தாள். துப்பாக்கியைக் கதவோரம் சாத்திவைத்தாள். பெட்டியை நாற்காலியில் வைத்தாள். கலைந்த தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

வாசலில் யாருமில்லை. பெருக்கிய படியில் ஒரு சருகுகூட இல்லை. மண் மட்டும் விரல்களால் வாரியதுபோல் கோடுகோடாகக் கீறிக் கிடந்தது.

வண்டிக்கு அப்பால், பள்ளத்து விளிம்பின் பூமரங்கள் பக்கமிருந்து மறுபடி கூப்பிட்டது. இப்போது கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

டெல்ஃபா படியிறங்கினாள்.