பாலத்துத் தோட்டத்தின் பேசாத கம்பி

1976, மார்ச் மாதம். செவ்வாய்க்கிழமை காலை 5.50.

பினாங்குக்கு அருகிலிருந்த பாலத்துத் தோட்டத்து வாட்ச்மேன் அம்மாசி வந்து பார்த்தபோது, ரப்பரை உலர்த்தும் புகைக்கூடத்தின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. முந்தின நாள் கூரை முட்ட அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. செம்மண் பாதையின் வளைவில் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு மறைந்தது.

அம்மாசி ஆபீஸ் வராந்தாவுக்கு ஓடி, சுவரிலிருந்த போனின் கைப்பிடியைச் சுழற்று சுழற்றென்று சுழற்றினான். போன் செத்துக் கிடந்தது. ஆபீஸ் பூட்டியிருந்தது. அரை மைல் ஓடி, ஆபீஸ் கணக்குகளைப் பார்க்கும் பெரிய கிராணி வால்டரை எழுப்பினான்.

"நீ போய்ப் புகைக்கூடத்தப் பார்த்துக்க. மத்தத நான் கவனிக்கிறேன்," என்றார் வால்டர்.

காலை 8.15. டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வால்டரிடமிருந்து தகவல் வந்தது. 9 மணிக்கு, மேட்டுத் தோட்டத்துக்கும் பாலத்துத் தோட்டத்துக்கும் நடுவே போன் கம்பி வெட்டப்பட்டுத் தொங்குவதைச் சார்ஜன் சிரில் கண்டார். 9.40க்கு, தோட்டத்து லைன்மேனாக இருந்த பக்கிரிசாமியின் கையில் விலங்கு ஏறியது.

காரணம் இருந்தது. யூனியனில் சேர்ந்ததற்காக மூன்று வாரத்துக்கு முன்தான் பக்கிரிசாமிக்கு வேலை போயிருந்தது. "நான் இல்லாம உங்க கம்பி எப்படிப் பேசுதுன்னு பார்க்கிறேன்!" என்று அவன் ஆபீஸ் வாசலில் கத்தியதைத் தோட்டமே கேட்டிருந்தது.

டவுன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓப்பரேட்டராக இருந்த பேட்ரிசியாவுக்குச் செய்தி எட்டியபோது மணி பன்னிரண்டு. அவள் நம்பவில்லை. பக்கிரிசாமி நல்லவன் என்பதால் மட்டுமல்ல, கணக்கு இடித்தது. ஷிப்ட் முடிந்ததும் தன் ரிஜிஸ்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷன் படியேறினாள்.

"மிஸ், இது போலீஸ் விஷயம். வீட்டுக்குப் போங்கலா," என்றார் சிரில்.

"போகமாட்டேன் சார்ஜன். நான் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் வெரட்டுங்க."

உள்ளேயிருந்து பக்கிரிசாமியின் குரல் வந்தது. "செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்! நூறு தடவ கேட்டாலும் இதான்!"

பேட்ரிசியா ஒரு தாளில் நான்கு புள்ளி வைத்தாள். டவுன், மேட்டுத் தோட்டம், பாலத்துத் தோட்டம், ஆற்றுத் தோட்டம்.

"முன்ன கம்பி ஒரே வரிசையா ஓடிச்சு. டவுன்லேர்ந்து மேடு, மேட்டுலேர்ந்து பாலம், அங்கேர்ந்து ஆறு. ஒரு மழையில மரம் சாஞ்சு, ரெண்டு தோட்டம் மூணு நாள் ஊமையாச்சு. அப்ப பக்கிரிசாமி அண்ணன் ஒரு வேல செஞ்சாரு. படம் போட்டு, ஒவ்வொரு கோடா அடிச்சுப் பார்த்தாரு. இந்தக் கோடு போனா யாரு தனியாப் போயிடுவா? அந்தக் கோடு போனா? எதை அடிச்சாலும் யாராவது தவிச்சாங்க. அதனால ஆத்துத் தோட்டத்துலேர்ந்து நேரா டவுனுக்கு இன்னொரு கம்பி இழுத்தாரு." அவள் கோட்டை இழுத்து வட்டத்தை மூடினாள். "இப்ப எந்தக் கம்பிய வெட்டினாலும் பேச்சு மத்தப் பக்கமாச் சுத்தி வந்துடும்."

சிரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஒரு வெட்டுல போன் சாகாது?"

"சாகாது. இத அவரவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு? ரெண்டாவதா ஒரு எடத்துல அறுந்திருக்கணும்."

"எங்க?"

"ஆறு–டவுன் கம்பி இல்ல. காலையில 6.10க்கு ஆத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அதுலதான் டாக்டரக் கூப்பிட்டாரு. இதோ ரிஜிஸ்டர். மிச்சம் பாலம்–ஆறு கம்பி."

"அத என் ஆளுங்க தூண் தூணாப் பார்த்துட்டாங்க. வெட்டும் இல்ல, புது ஒட்டும் இல்ல."

"அப்ப வெளிய அறுந்திருக்காது. என்னய பாலத்துத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

பிற்பகல் 3.20. பாலத்துத் தோட்டத்து ஆபீஸ். வால்டர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"கிராணி, காலையில போலீஸுக்கு எங்கேர்ந்து பேசினீங்க?" என்று கேட்டாள் பேட்ரிசியா.

"இங்கேர்ந்துதான். ஆபீஸத் தொறந்த உடனே."

"மணி?"

"எட்டே கால். ஏன், நீதானே லைன் குடுத்த?"

"நான்தான் குடுத்தேன். வெட்டின கம்பிய எத்தன மணிக்கு ஒட்டுனாங்க சார்ஜன்?"

"பதினொன்னு."

"அப்ப எட்டே காலுக்கு உங்க குரல் எந்த வழியா என்கிட்ட வந்துச்சு?"

வால்டர் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். "அது... ஆத்துத் தோட்டம் பக்கமா..."

"சரி. ஆறு மணிக்கு அம்மாசியோட குரல் ஏன் அந்தப் பக்கமா வரல?"



சிரில் எழுந்து, சுவரோரம் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். இரு தோட்டத்துக் கம்பிகளும் அதற்குள் வந்துதான் வராந்தாவிலிருந்த போனில் சேர்ந்தன. மேட்டுத் தோட்டத்து ஸ்குரூவில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஆற்றுத் தோட்டத்து ஸ்குரூவின் தலையில் புதுக் கீறல் பளபளத்தது.

"கம்பி தானா அறுந்து தானா ஒட்டிக்காது," என்றாள் பேட்ரிசியா. "வெளிய ஒண்ண வெட்டினீங்க, பழி பக்கிரிசாமி அண்ணன் மேல விழட்டும்னு. உள்ள ஒண்ணக் கழட்டினீங்க, அம்மாசி போலீஸக் கூப்பிட முடியாம இருக்க. லாரி தூரம் போற வரைக்கும் வீட்டுல இருந்துட்டு, காலையில வந்து திருகி வச்சீங்க. வெட்டுப்பட்ட ஒண்ணப் பார்த்தா, யாரும் ரெண்டாவதத் தேடமாட்டாங்கன்னு நெனச்சீங்க."

"மேனேஜர் தொரை பினாங்குல இருக்காரு. இந்த ரூம் சாவி யார்கிட்ட?" என்று கேட்டார் சிரில்.

வால்டரின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டது.

அன்று மாலையே, வால்டர் சொன்னபடி, கூலிம் போகும் வழியில் ஒரு கொட்டகையில் ஷீட்டுகள் அகப்பட்டன; பக்கிரிசாமியின் விலங்கு கழன்றது.

மறுநாள் பினாங்கிலிருந்து திரும்பிய தொரை, பக்கிரிசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். பேட்ரிசியாவும் கூடப் போனாள். மறுபடி வேலைக்கு வரச் சொன்னார் தொரை.

"வர்றேன்," என்றான் பக்கிரிசாமி. "ஆனா டவுன்லேர்ந்து நேரா இங்க ஒரு கம்பி இழுக்கணும். மூணு வழி வேணும்."

"ரெண்டு கம்பியில ஒரே நேரத்துல இனிமே யாரு கைவைக்கப் போறா?" என்றார் தொரை.

பக்கிரிசாமி பேட்ரிசியாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு தொரையின் கண்ணை நேராகப் பார்த்தான்.

"யூனியன்ல இருக்கிறவனத் தவிர வேற யாரும் கைவைக்கமாட்டாங்கன்னுதானே தொரை, நேத்து வரைக்கும் எல்லாரும் நெனச்சீங்க? கம்பி வந்தா நானும் வர்றேன். வரலன்னா, வேற ஆளப் பாருங்க."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் புதுக் கம்பியின் முதல் தூணுக்குக் குழி வெட்டினார்கள்.