வலது கீழ் மூலை

வீட்டுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். சாவிகள் சட்டைப் பையில். என் மனைவி ஸ்பூர்த்தி இறந்து இருபத்து மூன்றாவது நாள்.

பசவனகுடியில் ஒரு பழைய கல் வீடுதான் எங்கள் அலுவலகம். சிவப்புத் தரை. பகலிலும் விளக்கெரியும் நடுக்கூடம். அதில் நீளமான மேஜை, சுவரில் பெரிய திரை. வெளியே ஜூலை மழை நின்றும் நிற்காமலும் தூறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

கூடத்தில் நீலகிரித் தைல வாசனை அடித்தது. அவள் நெஞ்சில் தடவிக்கொள்வது. யாருக்கோ சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் நடத்துவது ஒரு மருத்துவச் செயலி. மருந்து, டாக்டர், ஆம்புலன்ஸ். போனில் இருப்பது வெறும் சட்டகம். எந்தப் பொத்தான் எங்கே என்பதை, திறக்கும்போதெல்லாம் எங்கள் சர்வர் சொல்லும். புதிய பதிப்பு வெளியிட வேண்டாம். யாரும் அப்டேட் செய்ய வேண்டாம். இங்கே ஒருவன் ஒரு வரியை மாற்றினால் நான்கு லட்சம் போன்களின் முகம் மாறிவிடும்.

அதைக் கட்டியவன் நான்.

ஆம்புலன்ஸ் பொத்தானை வலது கீழ் மூலையில் வைத்ததும் நான்தான். கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடம். ஸ்பூர்த்திக்கு ஆஸ்துமா. இழுப்பு முற்றினால் பேச்சு வராது. அவள் விரலைப் பிடித்து அந்த மூலையில் வைத்துப் பழக்கினேன்.

"கண்ணை மூடிக்கிட்டே அழுத்து. பேசவே வேணாம்."

"நீ வருவியா?"

"வண்டி வரும்டி."

அபிஜித் ஹெக்டேதான் செயலியில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவன். ஜூன் பதினேழாம் தேதி காலை, பாதிப் பேருக்கு மட்டும் ஒரு சோதனை விட்டான். அந்த மூலையில் உடல் பரிசோதனைத் தள்ளுபடி. ஆம்புலன்ஸ் பொத்தான் மெனுவுக்குள். அவன் யாரையும் கேட்கவில்லை. யாரையும் கேட்க வேண்டாதபடிதான் நான் கட்டிக் கொடுத்திருந்தேன். அன்று மதியம் ஸ்பூர்த்தி வீட்டில் தனியாக இருந்தாள். நான் இதே கூடத்தில் கூட்டத்தில் இருந்தேன். மாலையில் அவள் கையிலிருந்து போனை விரல் விரலாகப் பிரித்து எடுத்தபோது, திரையில் தள்ளுபடி தெரிந்தது.

நாற்பது சதவீதம்.

இன்று மூன்று மணிக் கூட்டத்தில் அந்த மாற்றத்தை எல்லோருக்கும் அனுப்பப் போகிறார்கள் என்று சர்வரைக் கவனிக்கும் நாகவேணி அக்கா சொல்லியிருந்தார். தடுக்கத்தான் வந்தேன். அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அன்றே உயிர் போன போன். நான் சார்ஜ் போடவில்லை.

ஹெக்டே சுவர்த்திரையில் செயலியின் படத்தைப் போட்டான். மக்கள் விரல் வைத்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. ஆம்புலன்ஸ் பொத்தானை ஆயிரத்தில் மூன்று பேர்தான் தொடுகிறார்கள் என்றான். அவ்வளவு நல்ல இடத்தை மூன்று பேருக்காக வீணாக்குவதா என்று கேட்டான். தள்ளுபடிக்கு வரவேற்பு அமோகம் என்றான். வலது கீழ் மூலையில் ஒரே போனிலிருந்து விழுந்த புள்ளிகள் கட்டியாக உறைந்திருந்தன. அதைப் பெரிதாக்கிக் காட்டிச் சிரித்தான்.

"பாருங்க, யாரோ ஒரு புண்ணியவதி. நாலு நிமிஷத்துல நாப்பத்தொரு தடவை அழுத்தியிருக்கா. அவ்வளவு ஆசை தள்ளுபடி மேல."

புள்ளிகளுக்குக் கீழே தேதியும் நேரமும் இருந்தன. ஜூன் பதினேழு. மூன்று பன்னிரண்டு முதல் மூன்று பதினாறு வரை. போனின் எண் எனக்கு மனப்பாடம். புதிதாக எது செய்தாலும் முதலில் அவள் போனில்தான் போட்டுப் பார்ப்பேன்.

"அது என் பொண்டாட்டி."

ஹெக்டேயின் முகம் வெளுத்தது. பிறகு தேறிக்கொண்டான். மிகவும் வருந்துவதாகச் சொன்னான். ஒருவர் விஷயத்தை வைத்து எல்லோருக்கும் முடிவெடுக்க முடியாது என்றும் சொன்னான்.

"ஆயிரத்துல மூணு பேருக்குத்தான் மூச்சு நிக்குது, ஹெக்டே. அதான் மூணு பேர் அழுத்தறாங்க."

"சுமந்த், தப்புன்னா நாளைக்கே திருப்பிக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. நீ கட்டினதுதானே?"

சொல்லிக்கொண்டே அனுப்பிவிட்டான்.

மணி மூன்று பன்னிரண்டு.

சுவர்த்திரையில், வலது கீழ் மூலையில், ஒரு புதிய புள்ளி விழுந்தது.

இன்னொன்று.

நாகவேணி அக்கா கணினியில் எண்ணைப் பார்த்தார். அதே போன்.

பையிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கறுத்த கண்ணாடி. பிணத்தின் கைபோலச் சில்லென்றிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் புள்ளிகள் விழுந்தன. முதலில் அவசரமாக. பிறகு இடைவெளி விட்டு. ஒவ்வொரு இடைவெளியிலும் கூடத்தின் ஏதோ ஒரு மூலையில் விசில் போல ஒரு மூச்சு இழுத்தது. அதைத் தேடி யாரும் தலையைத் திருப்பவில்லை.

முப்பத்தெட்டு.

முப்பத்தொன்பது.

நாற்பதுக்குப் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. நான் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொன்று.

மேஜைமேலிருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக ஒளிர்ந்தன. எங்கள் செயலிதான். தள்ளுபடி இல்லை, மெனு இல்லை, எழுத்து இல்லை. வெறும் வெள்ளை. வலது கீழ் மூலையில் சிவப்புப் பொத்தான்.

"நான் எதுவும் அனுப்பல" என்று கிசுகிசுத்தார் நாகவேணி அக்கா. "சர்வர்லேர்ந்து ஒண்ணுமே போகல."

ஹெக்டே பழையதை அனுப்பிப் பார்த்தான். அது போகவில்லை. சர்வரையே நிறுத்தச் சொன்னான். அக்கா நிறுத்தினார். போன்கள் அப்படியே இருந்தன. அரைமணி நேரம் எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. தைல வாசனை கண்ணைக் கரித்தது.

அப்போது என் போன் அடித்தது. புதிய எண்.

"சார், ஆம்புலன்ஸ் டிரைவர் பேசறேன். உங்க விஜயநகர் வீட்டுலேர்ந்து பேஷன்ட்டை ஏத்திட்டேன். அவசரத்துக்குக் கூப்பிடச் சொல்லி உங்க நம்பர்தான் இருக்கு."

"வீடு பூட்டியிருக்கு."

"இல்லையே சார். அம்மாதான் கதவைத் திறந்தாங்க. பேச முடியல, இழுப்பு ஜாஸ்தியா இருக்கு. ஆஸ்பத்திரின்னு சொன்னா தலையாட்டி வேணாங்கறாங்க. கண்ணாடியில ஆவி ஊதி, பசவனகுடி விலாசம் ஒண்ணு எழுதிக் காட்டறாங்க. காந்தி பஜார் தாண்டிட்டேன். நேரா அங்கேயே வரவா?"

அவர் குரலுக்குப் பின்னால் அந்த விசில்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு சாவியும் இருந்தன.

"வாங்க" என்றேன்.

"யாரு?" என்று கேட்டான் ஹெக்டே.

"வண்டி வருது."

தெருமுனையில் சைரன் கேட்டது. அவன் எழுந்தான். நான் போய்க் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"உட்காரு, ஹெக்டே. ரெண்டு நிமிஷ வேலைதான்."

சைரன் எங்கள் வாசலில் நின்றது. மேஜைமேல், உயிரில்லாத அந்தக் கறுத்த கண்ணாடியின் வலது கீழ் மூலையில், ஒரு கட்டைவிரல் அளவுக்கு ஈரம் படிந்தது.