வால் நறுக்காத சீல்

சனிக்கிழமை காலை 9.15, மாதிரி விமானச் சங்கத்தின் விழா. கான்கிரீட் மேடையில் கிளப்பிக்கொண்டிருந்த மாதிரி ஜெட் விமானத்தின் வால்குழாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தீ வெளியே வந்தது. அதற்கென்றே பக்கத்தில் காவல் நின்ற வெஸ்ஸல் நெல், காலடியில் இருந்த மூன்றாம் எண் தீயணைப்பு சிலிண்டரைப் பிடித்தார். சீலைப் பிய்த்தார், பின்னை உருவினார், கைப்பிடியை அழுத்தினார். ஒரு பெருமூச்சு அளவுக்கு வெள்ளைப் புகை வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

விமானத்தின் சொந்தக்காரர், வெளியூர்க்காரர், திகைத்து நின்றார். அவரை ஒரு கையால் பின்னே தள்ளிவிட்டு, மறு கையால் மண்ணெண்ணெய்க் கேனை இழுக்கக் குனிந்தார் வெஸ்ஸல். விமானத்தின் வயிற்றிலிருந்த எண்ணெய்ப் பை அப்போதுதான் வெடித்தது.

திங்கட்கிழமை பகல் 11.20-க்கு வெஸ்ஸல் ஆஸ்பத்திரியில் இறந்தார். வெள்ளிக்கிழமைதான் ஐம்பத்தெட்டு முடிந்திருந்தது.

வியாழன் மாலை 5.00. சங்கத் தலைவர் லௌரென்ஸ் ஃபுரீ ஒரு டப்பா ரஸ்க்கோடு வந்து ஹெஸ்டரின் சமையலறையில் உட்கார்ந்தார். வெஸ்ஸலுக்கு இருபத்தாறு வருஷ சிநேகிதர். சனிக்கிழமை உறுப்பினர்கள் முன் வாசிக்கப்போகும் அறிக்கையை, முதலில் வெஸ்ஸலின் மனைவிக்குக் காட்டுவதுதான் முறை என்றார். ஹெஸ்டர் வாங்கிப் படித்தாள்.

'பாதுகாப்பு அதிகாரி வெஸ்ஸல் நெல், சிலிண்டர்களை எடை போடாமலே பதிவேட்டில் எழுதியுள்ளார். விபத்துக்கு அவரது கவனக்குறைவே காரணம்.'

விபத்து அறிக்கைகளைச் சங்கக் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டுவார்கள். அவள் உயிரோடு இருக்கிறவரை அந்தச் சுவரில் இந்த வரி இருக்கும்.

"காப்பிக்குச் சர்க்கரையையே கரண்டி மட்டம் தட்டிப் போடுற மனுஷன்," என்றாள்.

"எனக்குத் தெரியாதா ஹெஸ்டர்? ஆனா சீல் முழுசா இருந்துச்சே. அவனேதான் பிச்சான், பத்து பேர் பாத்தாங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நிறைஞ்சிருந்ததுன்னு எழுதி வெச்சிருக்கான். யாரும் தொடாத சிலிண்டர் எப்படிக் காலியாகும், நீயே சொல்லு."

அவள் தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள். அவர் விரல் புண் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

"ஆறிடுச்சு. உன் களிம்புதான்."

அவர் போனபின் அந்த வெள்ளிக்கிழமையை மணி மணியாக நினைத்துப் பார்த்தாள். முப்பது வருஷமாக மருந்துக்கடையில் மில்லிகிராம் பார்த்த புத்தி. அழுகையிலும் வரிசை தப்பாது. கோடை தொடங்கிவிட்ட அக்டோபர் வெயில். மழை இன்னும் வரவில்லை, புல்லெல்லாம் காகிதமாய்க் கிடந்தது. யாரோ கேபிளைத் திருடிவிட்டதால் மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. மாலை ஐந்தரைக்குக் கூடத்துப் படியில் உட்கார்ந்து, லௌரென்ஸின் இரண்டு விரல்களுக்குக் களிம்பு போட்டாள். இறைச்சி சுடும் கம்பிவலை பட்டுவிட்டதாம். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மோலெஃபி அப்போதுதான் முதல் கட்டு விறகை இறக்கினார். பிறகு கொட்டகையிலிருந்து லௌரென்ஸ் பீர் கொண்டுவந்தார். வெஸ்ஸல் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "பிறந்தநாள் பரிசுன்னா இதுதான்டா," என்றார். அதை நினைத்தபோது அவளுக்கு வரிசை தப்பிவிட்டது.

வெள்ளி காலை 10.00. மைதானத்துக்குப் போனாள். மோலெஃபி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அவள் கொடுத்த வெஸ்ஸலின் சாவியால் கொட்டகையைத் திறந்துவிட்டார். அவரும் வெஸ்ஸல் வயதுக்காரர்தான். அலமாரியில் ஒன்று, இரண்டு, நான்கு எண் சிலிண்டர்கள். பக்கத்தில், வெஸ்ஸல் உப்புக்கண்டம் போடும் மானிறைச்சியை நிறுக்கிற கொக்கித் தராசு, ஒரு கட்டுப் புது சீல்.

இந்தக் கரியமில வாயு சிலிண்டருக்கு அளவு காட்டும் முள் கிடையாது. முள் வைத்தது பொடி சிலிண்டர். பொடி ஜெட் எஞ்சினைத் தின்றுவிடும் என்று இவர்கள் அதைத் தொடமாட்டார்கள். உள்ளே வாயு இருக்கிறதா என்பது தராசுக்கு மட்டும்தான் தெரியும்.

ஹெஸ்டர் மூன்றையும் தொங்கவிட்டுப் பார்த்தாள். மூன்றும் பதிவேட்டிலிருந்த எடைதான், ஐம்பது கிராம்கூடப் பிசகவில்லை.

"அன்னிக்கு மூணாம் நம்பரையும் நிறுத்தாரா?"

"நாந்தானேம்மா தூக்கிப் பிடிச்சேன். சரியா இருந்துச்சு. அப்பவே சீலும் போட்டாரு."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என்னை யாரும் கேக்கலையேம்மா."

பிறகு மோலெஃபி தானாகவே சொன்னார்: சனிக்கிழமை காலையில் நான்கையும் தள்ளுவண்டியில் ஏற்றினபோது மூன்றாவது இலேசாக இருந்ததாம்.

"சீலைப் பாத்தேன். ஐயா போட்ட சீல் இருக்குதே, நமக்கென்ன தெரியும்னு கொண்டுபோய் வெச்சுட்டேன். நான் வாயத் தொறந்திருக்கணும்."

ஹெஸ்டர் அலமாரியிலிருந்த சிலிண்டர்களின் பிளாஸ்டிக் சீல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். முடிச்சுக்கு வெளியே நீளும் வால், மூன்றிலும் ஒட்ட நறுக்கியிருந்தது. வெஸ்ஸலின் பழக்கம். அவசரத்தில் பிய்க்கிறவன் கையைக் கீறிவிடக் கூடாதென்று சாவிக்கொத்தில் நகவெட்டியே வைத்திருந்தார்.

மேடையில் கரி இன்னும் போகவில்லை. மண்டியிட்டு விளிம்புப் பிளவுகளைத் துழாவினாள். கால்மணி நேரத்தில் கிடைத்தது, பாதி உருகிய மஞ்சள் சீல். அதில் ஒரு விரல் நீளத்துக்கு வால் இருந்தது.

கொட்டகைச் சாவி இரண்டு பேரிடம்தான். ஒருவர் இறந்துவிட்டார்.

சனி மாலை 3.00. கூடத்தில் பதினேழு பேர். லௌரென்ஸ் எழுந்து கண்ணாடியைப் போட்டார். ஹெஸ்டர் கைதூக்கினாள். வாசிப்பதற்கு முன் இரண்டே கேள்வி என்றாள்.

"விபத்துக்கு முந்தின நாள் நான் உங்க விரலுக்குக் களிம்பு போட்டப்ப மணி என்ன?"

"அஞ்சரை இருக்கும்."

"இறைச்சி சுட நெருப்பு எப்ப வெச்சாங்க?"

லௌரென்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். ஆறுக்கு மேலே ஆகிவிட்டது என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"நெருப்பே இல்லாம கம்பிவலை எப்படிச் சுடும்?" அவள் குரல் உயரவில்லை. "சூடு பட்டா சிவக்கும். உங்க விரல் மெழுகு மாதிரி வெளுத்திருந்துச்சு. குளிர் கடிச்சாத்தான் அப்படி ஆகும். மருந்துக்கடைக்காரி, எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். அந்த வெயில்ல, கரண்ட் இல்லாம, ஐஸ் இல்லாம பீர் எப்படி ஜில்லுன்னு இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. இந்த சிலிண்டர் வாயுவை பாட்டில் மேல அடிச்சா ரெண்டு நிமிஷம் போதும்."

மேசைமேல் இரண்டு சீல்களை வைத்தாள். ஒன்று வால் நறுக்கியது, ஒன்று நறுக்காதது.

"இது அவர் போட்டது. அது நீங்க போட்டது. பீர் விளையாட்டு. அது போகட்டும். காலி சிலிண்டருக்கு சீல் போட்டீங்க பாருங்க, அவரைக் கொன்னது அதுதான்."

லௌரென்ஸ் உட்கார்ந்துவிட்டார். விடிந்ததும் தன் பண்ணையிலிருந்து வேறொன்று கொண்டுவந்து மாற்றிவிட நினைத்ததாகவும், வழியில் டயர் போய்விட்டதாகவும் மெதுவாகச் சொன்னார். மணல் கொட்டித் தீயை அணைத்தபின், வாசலிலிருந்தே கையில் நிறைந்த சிலிண்டரோடு அவர் ஓடிவந்தது எல்லாருக்கும் நினைவிருந்தது. அன்றைக்கு அதைப் பாராட்டியும் பேசியிருந்தார்கள்.

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே," என்றாள் ஹெஸ்டர்.

"வெஸ்ஸல் திட்டுவான்னு..."

அறிக்கையை அங்கேயே, அவர் கையாலேயே மாற்றி எழுதச் சொன்னாள். எழுதினார். எழுதிக்கொண்டே, தலை தூக்காமல் சொன்னார்: "முதல் தடவை பாதிதான் போச்சு ஹெஸ்டர். பாதி மிச்சம் இருந்துச்சு. ரெண்டாவது ரவுண்டுக்குப் போனப்பத்தான்..."

ஹெஸ்டர் தாளை இழுத்துப் பார்த்தாள். 'பிறகு மேலும் ஒரு பாட்டில் கேட்கப்பட்டதால், மிச்ச வாயுவையும் பயன்படுத்தினேன்.' கேட்டது யார் என்று எழுதவில்லை. அந்த ஒரு தயவை அவர் காட்டியிருந்தார்.

மறுநாள் விழா இருக்கிறதென்று வெஸ்ஸல் ஒரு பாட்டிலோடு நிறுத்திவிட்டார். ஒன்று எனக்கு, இதே மாதிரி ஜில்லென்று, என்று சிரித்துக்கொண்டே கேட்டது அவள்தான்.

பேனாவை வாங்கி, அந்த வரிக்கு மேலே தன் பெயரை எழுதினாள்.