சிவப்புப் புள்ளி விழுந்த வீடு

பூட்டுக்காரர் வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"போன வாரம் விழுந்தது சார். என் பொண்ணு அப்பதான் தண்ணி பிடிச்சிட்டு உள்ள போனா. கொஞ்சம் முந்தியிருந்தா..." கல்லை எதிரே இருந்தவர் பக்கம் நகர்த்தினார். "அன்னைக்கே அவளைக் கூட்டிக்கிட்டு என் சம்சாரம் அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா."

துப்பறிவாளர் கல்லைப் பார்த்தாரே தவிரத் தொடவில்லை. மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிற மனிதர். அதனால் அவருடைய உதவியாளர் அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தாள். பதிலுக்கு அவர் அவளுக்கு வைத்த பெயர் அவசரம். இரண்டு பெயருமே பொருத்தம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"மச்சான் மேலதான் சார். வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்கன்னு நச்சரிச்சுக்கிட்டே இருக்காரு. ரெண்டு மூணு மாசமா முகம் தெரியாத பசங்க வர்றாங்க. 'தீவிரவாதியே வெளியேறு'ன்னு எழுதிட்டுப் போறாங்க. நான் உண்டு என் பூட்டு உண்டுன்னு இருக்கறவன் சார்!"

"எங்க எழுதறாங்க? வாசல்லயா?"

"இல்ல சார், பின் சந்து வழியா வருவாங்க. தண்ணித் தொட்டி மேலதான் எழுத்து, கல்லு எல்லாம். தொட்டியே ஒடைஞ்சு போச்சு. வாசப்பக்கம் ஒரு கீறல் கிடையாது."

"உங்க பேரைச் சொல்லித் திட்டுவாங்களா?"

"பேரே தெரியாது போல. போனைப் பாத்துக்கிட்டே நடந்து வர்றாங்க."

அவர் படியிறங்கியதும் அவசரம் கணினியைத் திறந்தாள். இங்கே சேர்வதற்கு முன் அவள் ஓர் அரசியல் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவள். பழைய செய்தித்தாள்களைப் படித்து, எந்த ஊரில் எந்தத் தீவிரவாதக் கும்பல் என்ன செய்தது என்று அட்டவணையில் ஏற்றுவது அவள் வேலை. அவள் விலகிய பிறகு அந்த அட்டவணையை மையம் ஒரு வரைபடமாக்கி இணையத்தில் போட்டது. ஆராய்ச்சி மாணவர்கள், நிருபர்கள், வேலையற்றவர்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவளுக்கு அது வேதவாக்கு.

வரைபடத்தில் பூட்டுக்காரர் வீட்டின்மேல் பெரிய சிவப்புப் புள்ளி. தொட்டால் ஊர்வலம், கைகலப்பு, பஸ் எரிப்பு என்று சம்பவங்கள் வரிசையாக விரிந்தன.

"சார், இவ்வளவு நேரம் அந்த ஆள் அப்பாவி வேஷம் போட்டிருக்கார்!"

"வரைபடம் எங்கேர்ந்து வந்துதுன்னு பாப்போம். அப்புறம் ஆளைப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நிதானம் பழைய செய்தித்தாள்களைச் சேமித்து வைத்திருக்கும் நூலகத்துக்குக் கிளம்பினார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே மச்சான் வீட்டுக்குப் போய், பூட்டுக்காரரின் மனைவியைத் தனியே அழைத்து அந்தப் புள்ளியைக் காட்டினாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். அந்த அம்மாள் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு வீட்டுக்குத் திரும்பிடலாம்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, மடித்துப் பையில் வைத்திருந்த மகளின் பள்ளிச் சீருடையை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

அடுத்த வாரம் நிதானம் எல்லோரையும் பூட்டுக்காரர் வீட்டுப் பின்கட்டுக்கு வரச் சொன்னார். உடைந்த தொட்டிக்கு ஒரு பக்கம் பூட்டுக்காரர், மறுபக்கம் மச்சான். இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மீதித் துணிமணிகளை எடுத்துப்போக வந்த மனைவி கதவோரம் நின்றாள். கணவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"மச்சான் ஆள் அனுப்பியிருந்தா அவங்க வாசலுக்கு வந்திருப்பாங்க, பேர் சொல்லிக் கத்தியிருப்பாங்க" என்று தொடங்கினார் நிதானம். "வந்தவங்களுக்கு ஆளும் தெரியல, வாசலும் தெரியல. போன்ல ஒரு புள்ளி தெரிஞ்சுது. அது இந்தத் தொட்டி மேல விழுது."

"அப்ப அந்தப் புள்ளி நிஜம்தானே?" என்றாள் மனைவி.

"இணையப் பக்கங்களோட பழைய பிரதிகளைச் சேத்து வைக்கிற களஞ்சியம் ஒண்ணு இருக்கும்மா. அதுல பாத்தேன். இந்த வரைபடம் வெளியானதுக்கு அப்புறம்தான் முதல் கல்லு விழுந்திருக்கு. புள்ளியில இருக்கிற சம்பவங்களையும் பாருங்க. ஊர்வலம், கைகலப்பு, பஸ் எரிப்பு." தொட்டியை எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ள எப்படிம்மா பஸ்ஸை எரிப்பாங்க?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவசரம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூலச் செய்திகளை ஒண்ணு விடாமப் படிச்சேன். 'இந்த ஊரில்' நடந்ததுன்னு இருக்கு. தெருப் பேர் எதுலயும் இல்ல. அப்ப தெரு தெரியாததையெல்லாம் இங்க கொண்டாந்து வச்சது யாரு?" அவர் அவசரத்தின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. "நான் சொல்லவா, நீ சொல்றியாம்மா?"

அட்டவணையில் ஒரு பொத்தான் இருந்தது. சரியான இடம் தெரியாவிட்டால் அதை அழுத்தினால் போதும், ஊரின் நடுப்புள்ளியைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண் தானாக விழும். கட்டம் காலியாக இருக்கக் கூடாது, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். யாரும் திருத்தவில்லை. அன்றைக்கு அது அவளுக்கு வெறும் எண். அந்த எண்ணுக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு குழந்தையும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நான்தாங்க வச்சேன்" என்றாள். "இந்த வீடு ஊருக்கு நட்ட நடுவுல இருக்கு. அவ்வளவுதான். இவர் மேல ஒரு தப்பும் இல்ல. அது தெரியாம, உங்ககிட்ட வந்து இவரைப் பத்தியும்..." மனைவியின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு தடவை பழி போட்டுட்டேன்."

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். "நீயும் நம்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். மச்சான் தொட்டியை மெல்லச் சுற்றி வந்து பூட்டுக்காரர் தோளில் கை வைத்தார். பூட்டுக்காரர் அதைத் தட்டிவிடவில்லை.

"இன்னைக்கே மையத்துக்குப் பேசி எடுக்க வைக்கிறேன்" என்றாள் அவசரம்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எங்க ஊருக்கு மட்டும்தான் இப்படி வச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவசரத்துக்கு மனம் வரவில்லை.

"இல்லம்மா. இடம் தெரியாத எல்லா ஊருக்கும்."

"அப்ப அங்கேயும் எவளோ ஒருத்தி புருஷனைச் சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருப்பா" என்றாள் அந்த அம்மாள். "மொதல்ல அவளுக்குப் போன் பண்ணு."

அவசரம் போனைக் கையில் எடுத்தாள். யாரை அழைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.