குழுவில் இல்லாத ரஞ்சினி

திருச்சூர் சைபர் பிரிவில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர் சோசம்மா. அவர் வீட்டுக்குள் நுழைந்த நர்ஸ் ஷைனி, நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"சேச்சி, எங்க குழுவில ஒருத்தி காட்டிக் குடுத்துட்டா. யாருன்னு எனக்குத் தெரியணும்."

மாடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த ரெஜி அதற்குள் கடையை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்திருந்தார். சோசம்மாவுக்கு வழக்கு வந்தால் அவருக்குக் கடையில் கால் தரிக்காது.

ஷைனி சொன்னாள். இருபது படுக்கைக்கு ராத்திரியில் ஒரே நர்ஸ் என்ற அநியாயத்தை எதிர்க்க அவர்கள் இணையத்தில், வேறு ஆஸ்பத்திரி நர்சுகளும் சேரக்கூடிய ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். உள்ளே எல்லாருக்கும் புனைபெயர்தான். யார் யார் என்பது அதை நடத்தும் ஷைனிக்கும் சபீராவுக்கும் மட்டுமே தெரியும். ஆனால் நேற்று ஆஸ்பத்திரி மேனேஜர் ஆன்ஸன் நாலு பேரைக் கூப்பிட்டு, குழுவில் இருந்ததற்காக மலைமேல் இருக்கும் கிளைக்கு மாற்றிவிட்டார்.

"சபீராவோட புருஷன் அதே ஆஸ்பத்திரியில அக்கவுண்ட்ஸ்ல இருக்கார்" என்றாள் ஷைனி. சொல்லும்போதே அவளுக்கு நாக்கு கசந்தது. சபீராவும் அவளும் ஒரே விடுதி அறையில் நர்சிங் படித்தவர்கள்.

"நாலு பேரும் நிறைய எழுதுறவங்களா?" என்றார் சோசம்மா.

"இல்ல. வாயே திறக்காதவங்க. அதிலயும் ரஞ்சினி குழுவிலயே இல்ல. பயந்து சேரவே மாட்டேன்னுட்டா."

சோசம்மா நிமிர்ந்தார். "இல்லாதவளுக்கு எதுக்குத் தண்டனை? சபீராவையும் ரஞ்சினியையும் வரச் சொல்லு."

அவர்கள் வரும்வரை அவர் ஷைனியின் போனில் குழுவின் பேச்சைப் படித்தார். "'ஆறாம் மாடியில நேத்து கெஸ்ட் ஜாஸ்தி, நான் தனியா அல்லாடினேன். ஸ்ட்ரைக் எப்போ?' யாரும்மா இந்த வெள்ளைப்புறா?"

"போன மாசம் வந்தா. ஆஸ்பத்திரி அடையாள எண் சரியா இருந்திச்சு, யாருதுன்னு பார்க்காம நான்தான் சேர்த்தேன். நல்லா தைரியமா பேசுவா."

ரஞ்சினியோடு வந்த சபீரா ஷைனியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "என்னைத்தானே சந்தேகப்பட்ட? நேரா கேட்டிருக்கலாம்ல?"

ஷைனி ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ரஞ்சினி, நீ எப்பவாவது நம்பர் மாத்தினியா? பழையது யார்கிட்ட இருக்கு?" என்றார் சோசம்மா.

"என் தங்கச்சிகிட்ட. அவ எர்ணாகுளத்துல வேற ஆஸ்பத்திரியில நர்ஸ். குழுவில மந்தாரம்ங்கிற பேர்ல இருக்கா. ஆஸ்பத்திரியில நான் நம்பரை மாத்திக் குடுக்கவே இல்ல."

சோசம்மா அந்த எண்ணை ஷைனியின் போனில் 'ரஞ்சினி' என்று சேமித்துவிட்டுக் குழுவைத் திறந்து காட்டினார். மந்தாரம் இருந்த இடத்தில் ரஞ்சினி என்ற பெயர் நின்றது.

"பேரை மறைச்சீங்க, சிலர் நம்பரை மறைக்கல. நம்பரைச் சேமிச்சு வச்சிருக்கிற யார் உள்ள வந்தாலும் அவங்க சேமிச்ச பேர்தான் அவங்க போன்ல தெரியும். மாட்டின மத்த மூணு பேரும் செட்டிங்ல நம்பரை மூடியிருக்க மாட்டாங்க. கேட்டுப் பாருங்க."

கேட்டார்கள். அப்படித்தான்.

"மந்தாரத்தைச் சேர்த்தது யாரு?"

"நான்தான். தங்கச்சின்னு தெரிஞ்சுதான் சேர்த்தேன்" என்றாள் சபீரா.

"அப்போ நீ காட்டிக் குடுத்திருந்தா ரஞ்சினி பேர் வந்திருக்காது. இது ஆளை அறியாம நம்பரை மட்டும் அறிஞ்சவன் செஞ்ச வேலை. எல்லா ஸ்டாஃப் நம்பரும் யார் போன்ல இருக்கும்?"

"ஆன்ஸன் சார் போன்ல" என்றாள் ஷைனி மெதுவாக. "ஆனா அவர் எப்படி உள்ள வருவார்?"

"நீங்க பேஷண்டை என்னன்னு சொல்வீங்க?"

"பேஷண்ட்னுதான். ஆன்ஸன் சார்தான் மீட்டிங்ல கெஸ்ட்னு சொல்லு, கெஸ்ட்னு சொல்லுன்னு உயிரை…" ஷைனி பாதியில் நிறுத்தினாள். வெள்ளைப்புறாவும் 'கெஸ்ட்' என்றுதானே எழுதியிருந்தது!

வெள்ளைப்புறா கொடுத்த அடையாள எண் யாருடையது என்று ஷைனி இப்போதுதான் தேடிப் பார்த்தாள். பிரசவ விடுப்பில் இருந்த ஜிஸ்மியுடையது. ரெஜி ஓடிப்போய் அவளுக்குப் போன் போட்டார். "குழுவா? பிள்ளையைத் தூங்க வைக்கவே எனக்கு நேரம் பத்தல, போங்க சேட்டா" என்று அவள் வைத்துவிட்டாள்.

"புறாவைத் தூக்கிடவா மேடம்?" ரெஜியின் விரல் துடித்தது.

"இருக்கட்டும். முதல்ல நான் எழுதப்போறதை அவரும் படிக்கட்டும்" என்றாள் ஷைனி. சபீராவின் கையைப் பிடித்தாள். சபீரா கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் முகம் கொடுத்துப் பேசவுமில்லை. ஷைனி குழுவில் எழுதினாள்:

'வெள்ளைப்புறா நம்ம ஆன்ஸன் சார். எல்லாரும் உங்க நம்பரை மூடிக்கோங்க. மறைஞ்சிருக்கிறது தப்பில்ல, அது உங்க உரிமை. நான் மட்டும் என் பேரைத் திறக்கிறேன். யாரும் கட்டாயம் திறக்கணும்னு இல்ல.'

மின்மினி என்ற புனைபெயரை அழித்துவிட்டு 'ஷைனி வர்கீஸ், ஐ.சி.யூ.' என்று போட்டாள். அடுத்து சபீரா மாற்றினாள். பிறகு ஒவ்வொருவராக, பிரசவ வார்டு, டயாலிசிஸ், அவசரப் பிரிவு என்று பெயர்கள் வர ஆரம்பித்தன. சிலர் புனைபெயரிலேயே இருந்தார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளைப்புறா தானாகவே வெளியேறியது.

"என்னையும் சேர்த்துக்கோ. சொந்தப் பேர்ல" என்றாள் ரஞ்சினி. "தண்டனைதான் குடுத்தாச்சே. அதுக்கான தப்பை இப்பவாவது செய்றேன்."

திங்கட்கிழமை நாலு பேரும் மலைக்குப் போகவில்லை. அவரவர் பழைய வார்டில் வேலையைத் தொடங்கினார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் அவர்களோடு ஷைனியும் மற்ற நர்சுகளும் வராந்தாவில் கூடி நின்றபோது ஆன்ஸன் வந்தார்.

"இங்க நிக்கிறது யார் யாருன்னு எனக்கு இப்பவே தெரியணும்" என்றார்.

ரஞ்சினிதான் முதலில் முன்னே வந்தாள். "எழுதிக்கோங்க சார். இந்தத் தடவை சரியா எழுதுங்க."