அழிந்தது எந்த டிஸ்க்?

மேஜையில் கிடந்த ஃபோன் துள்ளியது.

திரையில்... சின்ன சகலை.

பெரிய சகலை பல்லைக் கடித்தபடி எடுத்தார். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்குப் பதினாறு வருஷ சர்வீஸ். லிஃப்ட் இல்லாத காலத்தில் சர்வர் பெட்டிகளைத் தோளில் போட்டு மூன்று மாடி ஏற்றியவர். காய்ப்பு இன்னும் மறையவில்லை. சின்னவன் அவர் மனைவியின் தங்கச்சி புருஷன். சட்டை கசங்காமல் வந்தான். போன மாசம் பிரிவுக்கே தலைவன். கண்ணாடி ரூம், சுழல் நாற்காலி!

'தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தனி ரூமாம்' என்று சொல்லிச் சொல்லியே மனைவி தட்டை வைக்கிறாள். சாப்பாடு எங்கே இறங்கும்?

"சொல்லு தம்பி."

"சகலை, காய்ச்சல் அனலா கொதிக்குது. டிஸ்க் வேலைய நீங்களே முடிச்சுடுங்க. கமாண்ட் எல்லாம் பேப்பர்ல எழுதி கீபோர்டுக்கு அடியில வெச்சிருக்கேன்."

ஃபோனை வைத்தார். உள்ளங்கை வியர்த்தது...

காரணம் இருந்தது.

ஸ்கேன் படங்கள் இருப்பது ஒரு விர்ச்சுவல் மெஷினில், சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கம்ப்யூட்டரில். அதில் இடம் தீர்ந்துவிட்டது. படங்கள் உள்ள பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில், அதே அளவில் புது டிஸ்க் ஒன்று. அதை ஃபார்மேட் செய்து, அதாவது முழுக்கத் துடைத்துத் தயார் செய்துதான் பயன்படுத்த முடியும். மெஷினை இயக்கும் லினக்ஸ் மென்பொருள், டிஸ்க்குகளுக்கு வரிசை பார்த்துப் பெயர் வைக்கும். 'ஏ' மெஷினின் சொந்த டிஸ்க். அடுத்து நிற்கும் பழையது 'பி'. பின்னால் நிற்கும் புதியது 'சி'. வரிசையை மாற்றினால் பெயரும் மாறும்.

மாற்றியிருந்தார். காலையில், மெஷினை நிறுத்தியிருந்த பத்து நிமிஷத்தில்.

சின்னவன் பேப்பரைப் பார்த்து அப்படியே அடிப்பவன். 'சி'யை ஃபார்மேட் செய்வான். இருபதாயிரம் நோயாளிகளின் படங்கள் காலி. அவன் நாற்காலியும் காலி.

இப்போது கத்தி இவர் கைக்கே வந்துவிட்டது.

யோசித்தார்... சிரித்தார். இது அதைவிட நல்லது!

நிர்வாகி மேடத்துக்கு ஃபோன் போட்டார். பேப்பரில் பெரிய தப்பு, அதன்படி அடித்திருந்தால் ஆஸ்பத்திரியே தெருவுக்கு வந்திருக்கும், நல்லவேளை என் கண்ணில் பட்டது என்றார். மேடம் 'அப்படியா' என்று மட்டும் சொன்னாள்.

பிறகு உட்கார்ந்தார். ஃபார்மேட் கமாண்டை அடித்தார். கேள்வி கேட்காமல் செய் என்ற எழுத்தையும் சேர்த்தார். கடைசியில் 'சி'க்குப் பதில் 'பி'.

எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. மாற்றி வைத்தவனே பார்ப்பானா?

என்டர்.

மூன்று விநாடி. முடிந்தது.

படங்களைத் திறக்க 'சி'யை மெஷினோடு இணைத்தார்.

டிஸ்க்கில் எதுவும் இல்லை என்றது மெஷின்.

மறுபடி அடித்தார். மறுபடியும் அதேதான்.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

மேடம். பக்கத்தில்... சின்ன சகலை. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"காய்ச்சல் விட்டுடுச்சா தம்பி?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி பார்த்தேன் சகலை. வரிசை மாறியிருந்துச்சு. பழையபடி வெச்சுட்டேன்."

பெரிய சகலை திரையை மறைத்தபடி எழுந்தார்.

"பாஸ்வேர்ட் நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். நானும் மேடமும் தொடல. விஷயம் தெரியாதவர் பேப்பர்ல இருக்கிற 'சி'யத்தான் அடிப்பார். மாத்தினவர் மட்டும்தான் 'பி' அடிப்பார்."

"கை... கை தவறிடுச்சுப்பா."

"கை தவறும்," என்றாள் மேடம். "பேப்பர்ல தப்புன்னு முன்கூட்டியே ஃபோன் போட்டுச் சொல்லுமா?"

"நாளையிலேருந்து வர வேண்டாம்," என்று அவளே முடித்தாள்.

படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நேற்றே முழுக் காப்பி எடுத்து வேறு சர்வரில் வைத்தாயிற்று என்று சின்னவன் அமைதியாகச் சொன்னான். பிறகு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"வீட்ல அண்ணிகிட்ட சொல்ல மாட்டேன் சகலை."

வேலை போன வலியைவிட, இந்தப் பெருந்தன்மையும் இவனுக்கே வாய்த்ததே என்றுதான் அவருக்கு வயிறு எரிந்தது. அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நடந்தார்.

மேடம் அந்த முதுகையே பார்த்தாள். "எல்லாத்துக்கும் காப்பி எடுத்து வெப்பீங்களே. இவருக்கும் ஒண்ணு இருக்கா?"

"வேணாம் மேடம். ஒண்ணையே தாங்க முடியல."