சொறித்தின்னிக்குப் பசி

சிலுவைத்துறைக் கடலில் மிஞ்சியிருந்த கடைசி சொறித்தின்னி ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. பசி. தின்பதற்குக் கடலில் ஒரு சொறிமீன்கூட இல்லை.

"இனி ரொம்பத் தாங்காது" என்றாள் பெல்சீத்தா. அந்த இயந்திரத்தைச் செய்தவளே அவள்தான்.

"முங்கட்டும், சனியன்" என்றார் படகோட்டி வந்த அவள் கணவர் கஸ்பார். சொல்லிவிட்டு நீருக்குள் எட்டிப் பார்த்தவர் படகை அப்படியே நிறுத்தினார்.

கல்யாணமான புதிதில் கடல் முழுக்கச் சொறிதான். குடைபோல விரிந்து, நூல் நூலாகக் கால்களைத் தொங்கவிட்டு மிதக்கும் இழுதுமீன். வலையில் மீனுக்கு முன்னால் அது ஏறிவிடும். அது கொட்டிக் கஸ்பாரின் கைகள் வெந்து வீங்கும். சாயங்காலம் பெல்சீத்தா புளித்த காடியைத் தேய்த்துவிடுவாள். அவர் வலியில் கத்துவார், அப்புறம் அவளைக் கேலி செய்து சிரிப்பார். அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. படித்த பொறியியல் எதற்கு இருக்கிறது? தின்ற சொறியைச் செரித்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சொறித்தின்னிகளைச் செய்து கடலில் விட்டாள். எண்ணெய் வேண்டாம், ஆள் வேண்டாம். "பசி இருந்தாத்தான் வேலை நடக்கும்" என்று பெருமையடித்தாள். நடந்தது. கடல் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. ஊரே அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது.

அப்புறம் சொறி தின்ன வரும் ஆமைகள் வரவில்லை. ஆமைதானே என்று விட்டார்கள். பிறகு பாரை மீன் குறைந்தது. கஸ்பாரின் பிழைப்பே பாரைதான். பாரைக் குஞ்சுகள் சொறியின் கால்களுக்கிடையில் ஒளிந்துதான் பெரிய மீன்களிடம் தப்பி வளரும். ஒளிய இடம் போயிற்று, குஞ்சும் போயிற்று. மிதவை கட்டிப் பார்த்தார்கள். அசையாத நிழலைக் குஞ்சுகள் நம்பவில்லை.

இப்போது இயந்திரத்தின் அடியில் தொங்கி அசையும் உறிஞ்சுகுழல்களுக்கிடையே மஞ்சள் மஞ்சளாய்ப் பாரைக் குஞ்சுகள் அடைந்து கிடந்தன.

"ஏட்டி, நம்ம மொத வருசம் பாத்த மாதிரியே இருக்கு" என்றார் கஸ்பார்.

படகில் ஒரு தொட்டி நிறைய உயிருள்ள சொறி இருந்தது. வேறு கடலிலிருந்து வாங்கி, பெல்சீத்தா கொல்லையில் வளர்த்தவை. கடலில் விட்டு மறுபடி பெருக்கலாம் என்று கொண்டுவந்திருந்தாள்.

"இதோட வாயை அடைச்சிட்டு சொறியை விட்டிருவோம்ங்க. இல்லன்னா அம்புட்டையும் தின்னுரும்."

"வாயை அடைச்சா?"

"பட்டினியில முங்கிரும்."

"சொறி பெருக எம்புட்டு நாளாவும்?"

"அடுத்த வருசம் ஆயிரும்."

"அதுவரைக்கும் குஞ்சுக எங்கட்டி ஒளியும்? ஒங்கப்பன் வீட்லயா?"

அதற்குள் சொறியின் வாடை பிடித்த இயந்திரம் தள்ளாடித் தள்ளாடிப் படகருகே வந்து வாயைத் திறந்தது. கஸ்பார் தொட்டிக்குள் வெறுங்கையை விட்டு, அள்ளி அள்ளிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது நிமிர்ந்தது. சிதறிய குஞ்சுகள் மறுபடி அதன் அடியில் கூடின.

அன்று சாயங்காலம் பெல்சீத்தா அவர் கையில் காடி தேய்த்தாள். அவர் கத்தினார், பிறகு சிரித்தார். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் வீடெல்லாம் அந்தப் புளித்த வாடை. எந்த நாட்களை ஒழிக்க அந்த இயந்திரத்தைச் செய்தாளோ அந்த நாட்களுக்காகவே அவள் இவ்வளவு காலம் ஏங்கியிருந்தாள்.

"ஏன்ட்டி அழுத?"

"ஒண்ணுமில்லங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொல்லைத் தொட்டியில் மிச்சமிருந்த சொறிகளுக்கு இரை போட எழுந்தாள். "நாளைக்கும் அதுக்குப் பசிக்கும்லா."